எக்ஸ் கிரணங்கள் காட்டும் பெருநட்சத்திரங்கள்

சூரியனைப் போல் இருபது மடங்கு, ஐம்பது மடங்கு, அபூர்வமாக நூறு மடங்கு நிறை வாய்ந்த நட்சத்திரங்கள் ஆகாயத்தில் மிக அரியவை. பல நூறு நட்சத்திரங்கள் தோன்றுமிடத்து அவ்வகையைச் சேர்ந்த ஒன்று தோன்றினால் அதுவே பெரிது. தோன்றிய பின்னும், சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு நிதானமாக வாழுமென்றால், இவை தம்மிடமுள்ள மிகுதியான எரிபொருளைச் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே தீர்த்துவிட்டு மறைகின்றன. எனினும், நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் பெரும்பகுதி இத்தகைய நட்சத்திரங்களின் உள்ளே உருவாகி, அவை வெடித்தபோது வெளியில் சிதறி, பின்னர் சூரியனும் பூமியும் திரண்ட மேகத்தில் வந்து கலந்தது என்பதை எண்ணும்போது, எண்ணிக்கையில் சொற்பமான இவை பயனில் எவ்வளவு பெரியவை என்பது விளங்கும். நியூட்ரான் நட்சத்திரங்களும் கருந்துளைகளும் இவற்றின் எச்சங்களே.

இத்தகைய ஒரு நட்சத்திரம் எவ்விதம் முடியும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்கள் பல. அவற்றுள் மூன்று தலையாயவை. தன் ஆயுட்காலத்தில் அது காற்றாக வீசி இழக்கும் பொருள் எவ்வளவு என்பது ஒன்று. அருகில் துணை நட்சத்திரம் உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்பது மற்றொன்று. அதற்குக் காந்த பலம் உண்டா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மட்டும் கொண்டு துணிவது கடினம். அவ்வொளி பெரும்பாலும் நட்சத்திரத்தின் மேற்பரப்பைப் பற்றியே பேசுகிறது. மேற்பரப்பைச் சூழ்ந்து நிகழும் மோதல்களையும் கொந்தளிப்புகளையும் பற்றி நேரே பேசுவது, பல லட்சம், பல கோடி டிகிரி உஷ்ணத்தில் பிறக்கின்ற எக்ஸ் கிரணம். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அக்கிரணங்கள் அளித்துள்ள சாட்சியத்தை ஒருங்கே வைத்துப் பார்த்து, அதிலிருந்து எவை நிச்சயமாகத் தேறின, எவை இன்னும் தேறவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிகள் வந்த வழி

ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தார். ஆனால் ஆகாயத்திலிருந்து வரும் எக்ஸ் கிரணங்களைக் காண மேலும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. பூமியைப் போர்த்தியிருக்கும் காற்று மண்டலம் அக்கிரணங்களை முற்றிலும் விழுங்கிவிடுவதால்தான் உயிர்கள் இங்கே தழைக்கின்றன. அதே காரணத்தால்தான் அவற்றை ஆராய விரும்புவோர் காற்று மண்டலத்துக்கு மேலே கருவிகளை ஏற்றியாக வேண்டியிருக்கிறது. போருக்குப் பின் அமெரிக்கர் கையில் சிக்கிய ஜெர்மானிய வி-2 ராக்கெட்டுகளைக் கொண்டு சூரியனின் எக்ஸ் கிரணங்கள் 1949-இல் அளக்கப்பட்டன. 1962 ஜூன் மாதத்தில் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய சகாக்களும் ஏவிய ராக்கெட், சூரிய மண்டலத்துக்கு அப்பால் விருச்சிக ராசியில் ஒரு பிரகாசமான எக்ஸ் கிரண மூலத்தைக் கண்டது. 1970-இல் கென்யாவின் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உஹூரு என்னும் செயற்கைக்கோள் வானம் முழுவதையும் துருவிப் பட்டியல் தயாரித்தது.

ஆயினும் அக்கருவிகள் கிரணங்களை எண்ணினவேயன்றி, அவற்றைக் குவித்துப் பிம்பமாக்கவில்லை. சாதாரணக் கண்ணாடியில் நேராக விழும் எக்ஸ் கிரணம் அதனுள் புகுந்துவிடும். குளத்து நீரில் மிகத் தாழ்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதைப் போல, பரப்பை ஒட்டி மிகச் சாய்வாக வந்தால்தான் அது தெறித்துச் செல்லும். இந்நியதியை ஆதாரமாகக் கொண்டு ஹான்ஸ் வோல்ட்டர் 1952-இல் வகுத்த ஆடி அமைப்பை, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களைப் போல் அமைத்து, 1978 நவம்பரில் ஐன்ஸ்டைன் வானாய்வுக்கூடம் விண்ணுக்குச் சென்றது. அது சென்ற சில வாரங்களிலேயே, ஸிக்னஸ் எக்ஸ்-3 என்னும் பிரகாசமான மூலத்தை நோக்கிக் கருவியைச் சோதித்துக் கொண்டிருந்தபோது, அதே பிம்பத்தில் சற்றுத் தள்ளிச் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. அவை ஸிக்னஸ் ஓ.பி.2 என்னும் கூட்டத்தைச் சேர்ந்த பெருநட்சத்திரங்கள் என்பது 1979-இல் வெளியாயிற்று. காரினா நெபுலாவின் பெருநட்சத்திரங்களும் அவ்வாறே ஒளிர்வதை அதே ஆண்டில் கண்டனர். இவ்வாறு, வேறொன்றைத் தேடிய இடத்தில் ஒரு புதிய துறை பிறந்தது.

அத்துறை முதிர்ச்சி பெற்றது 1999-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜூலை 23-ஆம் தேதி அமெரிக்காவின் சந்திரா வானாய்வுக்கூடமும், டிசம்பர் 10-ஆம் தேதி ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் ஏவப்பட்டன. முன்னதன் பெருமை அரை விகலை வரை பிரித்தறியும் கூர்மை. பின்னதன் பெருமை, ஒவ்வொன்றும் 58 ஆடிகள் கொண்ட மூன்று தொலைநோக்கிகளால் மிகுதியான கிரணங்களைத் திரட்டும் வலிமை. இரண்டிலும், கிரணங்களை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் நுண்ணிய கீற்றணிகள் உண்டு. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, நட்சத்திரங்கள் முடியும் விதத்தைப் பற்றிய கணக்கை இளமையிலேயே செய்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அமெரிக்கர் தங்கள் கருவிக்குச் சூட்டினர். பெருநட்சத்திரங்களின் முடிவை ஆராயும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிட்டியிராது.

காற்றின் சாட்சியம்

மாசி, பங்குனி மாதத்து முன்னிரவுகளில் தென்வானத்தை நோக்குவோர், அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே வெறுங்கண்ணுக்குத் தெரியும் இரண்டு நட்சத்திரங்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று ஸீட்டா பப்பிஸ். மற்றொன்று காமா வெலோரம். இரண்டும் ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளவை. இரண்டும் இவ்வாராய்ச்சியின் ஆதார ஸ்தம்பங்கள்.

ஸீட்டா பப்பிஸின் மேற்பரப்பு உஷ்ணம் ஏறத்தாழ 40,000 டிகிரி. அதன் ஒளியே அதன் வாயுவை வெளியே தள்ளுகிறது. ஒளி தள்ளிய காற்று விநாடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தை அடைகிறது. ஒளியின் அழுத்தம் இவ்வளவு வேகத்தை எங்ஙனம் அளிக்கிறது என்பதைக் காஸ்டர், ஆபட், க்ளைன் ஆகிய மூவரும் 1975-இல் கணித முறையில் விளக்கினர். ஆனால் அதற்கு முன்பே ஒரு முரண்பாடு தலைகாட்டியிருந்தது. 1972-இல் ஏவப்பட்ட கோப்பர்னிகஸ் செயற்கைக்கோள், இத்தகைய நட்சத்திரக் காற்றில் ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த பிராணவாயு அணுக்கள் இருப்பதைக் காட்டிற்று. 40,000 டிகிரி உஷ்ணம் அவ்வணுக்களை உண்டாக்கப் போதாது. எக்ஸ் கிரணங்களே அந்த எலெக்ட்ரான்களைப் பறித்திருக்க வேண்டும் என்று காசினெல்லியும் ஓல்சனும் வாதித்தனர். அதே காலத்தில் ஐன்ஸ்டைன் வானாய்வுக்கூடம் அக்கிரணங்களைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

கிரணங்கள் இருப்பது உறுதியான பின், அவை எங்கே பிறக்கின்றன என்ற வினா எழுந்தது. சூரியனுக்கு உள்ளதுபோல் நட்சத்திரத்தின் பரப்பை ஒட்டி ஒரு சூடான மண்டலம் இருக்கலாம் என்று முதலில் கருதினர். அப்படியானால், வலிமை குன்றிய கிரணங்களை மேலேயுள்ள அடர்ந்த காற்று உறிஞ்சிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அவை குறைவின்றி வந்துகொண்டிருந்தன. ஆகவே அவை காற்றுக்குள்ளேயே, பரவலாகப் பிறந்தாக வேண்டும். ஒளியால் தள்ளப்படும் காற்று ஒரு சீராக ஓட இயலாது, அதில் சிறு சலனமும் பெருகி, வேகமான பகுதி மெதுவான பகுதியை முட்டி, அதிர்ச்சி அலைகளை எழுப்பும் என்று லூசியும் ஒயிட்டும் 1980-இல் காட்டிய விளக்கம் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. விநாடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வாயு 1.4 கோடி டிகிரிவரை சூடேறும். வேகம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். இந்த எளிய நியதியைக் கொண்டு, உஷ்ணத்தை அளந்தவர் மோதலின் வேகத்தை அறிந்துகொள்கிறார். இக்கட்டுரையில் வரும் நிரூபணங்கள் பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

இனி, கிரணங்களின் நிறமாலைக் கோடு ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். ஸீட்டா பப்பிஸிலிருந்து வரும் ஒரு கோட்டை 2001-ஆம் ஆண்டளவில் சந்திராவின் கீற்றணி விரித்துக் காட்டியபோது, அதன் வடிவம் இருபுறமும் ஒத்திருக்கவில்லை. குறுகிய அலைநீளப் பக்கம் ஓங்கியும் நீண்ட அலைநீளப் பக்கம் சரிந்தும் இருந்தது. இதன் காரணம் தெளிவானது. நம்மை நோக்கி வீசும் காற்றில் பிறந்த கிரணத்தின் அலைநீளம் குறுகித் தோன்றும். நட்சத்திரத்துக்கு அப்பால், நம்மை விட்டு விலகி வீசும் காற்றில் பிறந்த கிரணத்தின் அலைநீளம் நீண்டு தோன்றும். பின்னது நம்மிடம் வந்து சேர, இடையிலுள்ள காற்று முழுவதையும் கடந்தாக வேண்டும். கடக்கும்போது அதன் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கோட்டின் சரிவை அளந்தால், இடையிலுள்ள காற்று எவ்வளவு என்பது தெரியும். அதிலிருந்து நட்சத்திரம் ஆண்டுதோறும் இழக்கும் பொருளின் அளவு தெரியும்.

டேவிட் கோஹனும் அவருடைய சகாக்களும் 2010-இல் பதினாறு கோடுகளை இம்முறையில் ஆராய்ந்து, பத்து லட்சம் ஆண்டுகளில் சுமார் மூன்றரைச் சூரியன்களின் பொருளை ஸீட்டா பப்பிஸ் இழக்கிறது என்று கணக்கிட்டனர். சூரியன் தன் காற்றால் இழப்பதைப் போல் இது பத்துக் கோடி மடங்குக்கும் மேற்பட்டது. எனினும், ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டைக் கொண்டு பழைய முறையில் செய்த கணக்கு எட்டுச் சூரியன்களுக்கு மேல் என்றிருந்தது. காற்று சீராக இல்லாமல் கட்டி கட்டியாக இருப்பதை முன்னையோர் கணக்கில் கொள்ளாததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கட்டிகள் சிவப்புக் கோட்டை மிகைப்படுத்திக் காட்டும், எக்ஸ் கிரண உறிஞ்சலை அவ்வளவு மாற்றா. ஒரு நட்சத்திரம் ஆயுள் முழுதும் இழக்கும் பொருள் பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்றால், இறக்கும்போது அதனிடம் எஞ்சும் நிறை மிகும். எச்சமாகும் கருந்துளையும் பெருகும். ஒரு கோட்டின் சரிவிலிருந்து கருந்துளையின் நிறைவரை செல்லும் இச்சங்கிலி, நுண்ணிய அளவை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குச் சிறந்த உதாரணம்.

கிரணங்கள் பிறக்கும் இடத்தைக் காட்ட மற்றொரு வழியும் உண்டு. இரண்டே எலெக்ட்ரான்கள் எஞ்சிய மக்னீஷியம், நியான், பிராணவாயு போன்ற அணுக்கள் அருகருகே மூன்று கோடுகளை வெளியிடுகின்றன. நட்சத்திரத்தின் புறஊதா ஒளி பலமாகப் படும் இடத்தில் இவற்றுள் ஒன்று மங்கி, அதன் பங்கு அண்டைக் கோட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஒளி குன்றிய தொலைவில் அது மங்குவதில்லை. ஆகவே இவ்விரு கோடுகளின் விகிதம் நட்சத்திரத்தின் பரப்பிலிருந்து உள்ள தூரத்தை அளக்கும் கோலாக அமைகிறது. ஸீட்டா பப்பிஸில், நட்சத்திரத்தின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப் போல் ஒன்றரை மடங்குத் தூரத்தில் சூடான வாயு தொடங்குவதை இக்கோலே காட்டியது. அதிர்ச்சி அலைக் கொள்கை எதிர்பார்த்ததும் ஏறக்குறைய அவ்விடத்தையே.

இரு காற்றுகள் மோதும் இடம்

பெருநட்சத்திரங்கள் தனித்து வாழ்வது அரிது. அவற்றுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை தம் வாழ்நாளில் துணை நட்சத்திரத்துடன் பொருளைப் பரிமாறிக்கொள்ளும் என்று 2012-இல் சானாவும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டனர். துணையும் பெருநட்சத்திரமாயின், இரண்டின் காற்றுகளும் நடுவே எதிரெதிராக மோதும். ஐன்ஸ்டைன் வானாய்வுக்கூடம் ஏவப்படுவதற்கு முன்பே, 1976-இல், பிரிலுட்ஸ்கி, உசோவ், செரெபாஷ்சுக் ஆகிய சோவியத் விஞ்ஞானிகள் அத்தகைய இடத்தில் எக்ஸ் கிரணங்கள் பிறக்கும் என்று கூறிவிட்டனர்.

இதற்குச் சிறந்த களம் உல்ஃப்-ராயே நட்சத்திரங்கள். பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் சார்லஸ் உல்ஃப், ஜார்ஜ் ராயே என்னும் இருவர் 1867-இல் ஸிக்னஸ் மண்டலத்தில் கண்ட மூன்று விசித்திர நட்சத்திரங்களிலிருந்து இப்பெயர் வந்தது. தம் மேலுறையான ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இழந்து, உள்ளே சமைந்த ஹீலியம், நைட்ரஜன், கார்பன் முதலியவற்றை வெளிக்காட்டி நிற்கும் முதிர்ந்த பெருநட்சத்திரங்கள் இவை. நம் நட்சத்திர மண்டலத்தில் இன்றுவரை அறியப்பட்டவை அறுநூற்றுச் சொச்சமே. மேலே சொன்ன காமா வெலோரம் இவ்வகையில் நமக்கு மிக அருகிலுள்ளது. உல்ஃப்-ராயே நட்சத்திரமும் அதன் துணையும் 78½ நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஜெர்மனியின் ரோசாட் செயற்கைக்கோள், அச்சுற்றில் ஒரு குறிப்பிட்ட சிறு காலத்தில் மட்டும் எக்ஸ் கிரணங்கள் ஓங்குவதைக் கண்டது. துணையின் மெல்லிய காற்று, உல்ஃப்-ராயே நட்சத்திரத்தின் அடர்ந்த காற்றில் ஒரு கூம்பு வடிவமான பள்ளத்தைக் குடைகிறது. அப்பள்ளம் நம்மை நோக்கித் திரும்பும் சில நாட்களில் திரை விலகி, மோதல் நிகழுமிடம் தெரிகிறது. ஏனைய நாட்களில் அடர்ந்த காற்று அதை மறைத்துவிடுகிறது.

இதே நாடகத்தை இன்னும் பெரிய அரங்கில் நடத்துவது டபிள்யூ.ஆர். 140. அதன் இரு நட்சத்திரங்களும் ஏறக்குறைய எட்டாண்டுக்கு ஒருமுறை மிக நீண்ட பாதையில் சுற்றுகின்றன; மிக அருகே வரும்போது இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் சுமார் ஒன்றரை மடங்கு, மிக விலகும்போது இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அவை நெருங்க நெருங்க எக்ஸ் கிரணங்கள் ஓங்கி, மிக அண்மையில் வரும்போது அடர்ந்த காற்றுத் திரையால் விழுங்கப்பட்டுத் தாழ்கின்றன. நெருங்கிய ஒவ்வொரு முறையும் மோதலில் பிறந்த வாயு குளிர்ந்து தூசியாகிறது. அவ்வாறு வெளியேறிய தூசி வளையங்கள் பதினேழை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் வெளியான படத்தில் ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் காட்டியது. கோடிக்கணக்கான டிகிரியில் சுடும் அதே மோதல் சிறிது காலம் கழித்துத் திடப்பொருளைச் சமைக்கிறது என்பது பௌதிக சாஸ்திரத்தின் வியக்கத்தக்க செய்திகளுள் ஒன்று.

ஈட்டா காரினேயோ தனியாகப் பேசத்தக்கது. 7,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்நட்சத்திரம், 1837 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்த ஜான் ஹெர்ஷலின் கண்முன்னே திடீரெனப் பிரகாசித்தது. 1843-இல் வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடியாக ஒளிர்ந்து, பிறகு மங்கிற்று. அப்போது அது வெளியே எறிந்த பொருள் பத்துச் சூரியன்களுக்கும் குறையாதது. அது தனி நட்சத்திரமா, இரட்டை நட்சத்திரமா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. அதன் நிறமாலை ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதை 1996-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி அகஸ்டோ தாமினேலி எடுத்துக்காட்டினார். அக்கணக்குப்படியே 1997-ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ் கிரணங்கள் திடீரெனச் சரிந்து, சுமார் மூன்று மாதம் தாழ்ந்திருந்து, மீண்டும் எழுந்தன. 1996 முதல் இந்நட்சத்திரத்தை விடாமல் கண்காணித்த மைக்கேல் கார்கோரனின் உழைப்பால் இது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

இங்கேதான் மேலே சொன்ன திறவுகோல் பயன்படுகிறது. ஈட்டா காரினேயின் எக்ஸ் கிரணங்கள் காட்டும் உஷ்ணம் ஏறத்தாழ ஐந்து கோடி டிகிரி. ஆனால் நமக்குத் தெரியும் பெரிய நட்சத்திரத்தின் காற்று விநாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேற்பட்டதன்று. அவ்வேகத்தின் மோதல் முப்பது, நாற்பது லட்சம் டிகிரிக்குமேல் தராது. ஆகவே விநாடிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மற்றொரு காற்று, அதாவது மற்றொரு நட்சத்திரம், அங்கே இருந்தாக வேண்டும் என்று பிட்டர்டும் கார்கோரனும் 2002-இல் சந்திராவின் நிறமாலையிலிருந்து நிறுவினர். பெரியதன் பேரொளியில் மூழ்கிய அத்துணையை எந்தத் தொலைநோக்கியும் நேராகப் பிரித்துக் காட்டாத காலத்தில், அதன் காற்றின் வேகத்தையும் அளவையும் எக்ஸ் கிரணங்கள் கூறிவிட்டன. பின்னர் 2018-இல் ஹமகுச்சியும் அவருடைய குழுவினரும், நூஸ்டார் செயற்கைக்கோளைக் கொண்டு, உஷ்ணத்தால் மட்டும் விளக்க முடியாத அதிக வலிமையுள்ள கிரணங்களையும் அங்கே கண்டனர். மோதும் காற்றுகள் அணுத்துகள்களை ஒளியின் வேகத்துக்கு அருகே முடுக்கிவிடுகின்றன என்பதற்கு அது உறுதியான சான்று.

1997-98, 2003, 2009, 2014, 2020 என்று 2020 வரை ஐந்து சரிவுகள் கவனிக்கப்பட்டன. அவற்றுள் 2009-ஆம் ஆண்டின் சரிவிலிருந்து கிரணங்கள் முந்தியவற்றைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே மீண்டன. 2020-இல் மீட்சி இன்னும் விரைவாயிற்று. பாதை மாறவில்லை, ஆதலின் மாறியது காற்றுதான் என்று கொள்வது நியாயமானது. இருபதாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்திராவிட்டால் இந்த மாறுதல் எவர் கண்ணுக்கும் பட்டிராது.

காந்தம் பூண்ட நட்சத்திரங்கள்

ஓரியன் நெபுலாவுக்கு ஒளியூட்டும் நான்கு நட்சத்திரங்களில் பெரியது தீட்டா-1 ஓரியானிஸ் சி. அதன் எக்ஸ் கிரணங்கள் சுமார் 15½ நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை ரோசாட் கண்டது. பாபெல், மோன்ட்மெர்ல் என்னும் இருவர் 1997-இல் அதற்கு ஒரு விளக்கம் கூறினர்: நட்சத்திரத்துக்குக் காந்த பலம் உண்டு, அது இரு துருவங்களிலிருந்து எழும் காற்றைத் தன் வளைந்த கோடுகளின் வழியே நடத்தி, நடுக்கோட்டின்மேல் ஒன்றோடொன்று மோதவிடுகிறது, மோதிய வாயு சூடேறுகிறது. அப்போது இத்தகைய நட்சத்திரம் எதிலும் காந்த பலத்தை எவரும் அளந்திருக்கவில்லை. ஐந்தாண்டுக்குப் பின், 2002-இல், டோனாட்டியும் அவருடைய சகாக்களும் அந்நட்சத்திரத்தின் ஒளியைச் சோதித்து, பூமியின் காந்த பலத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு வலியதான, ஏறத்தாழ 1,100 காஸ் அளவுள்ள காந்த பலத்தைக் கண்டனர். சந்திரா 2005-இல் வாயுவின் உஷ்ணம் மூன்று கோடி டிகிரி என்றும், அது நட்சத்திரத்தின் பரப்புக்கு அண்மையிலேயே தங்கியுள்ளது என்றும் காட்டியது. எக்ஸ் கிரணத்தைக் கொண்டு ஊகித்ததை ஒளி மெய்ப்பித்த இந்நிகழ்ச்சி, இத்துறையின் வெற்றிகளுள் முதன்மையானது.

இவ்வகை நட்சத்திரங்கள் அரியவற்றுள்ளும் அரியவை. பெருநட்சத்திரங்களில் காந்த பலம் புலப்படுபவை நூற்றுக்கு ஏழளவே. அவற்றுள் உச்சத்தில் நிற்பது என்.ஜி.சி. 1624-2, அதன் காந்த பலம் 20,000 காஸ். அது பிடித்துவைத்திருக்கும் காற்றுறை அவ்வளவு விரிந்ததும் அடர்ந்ததுமாதலால், உள்ளே பிறந்த எக்ஸ் கிரணங்களின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது என்பதைச் சந்திரா 2015-இல் காட்டியது. இந்தக் காந்த பலம் எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாளைய வினா. எச்.டி. 148937 என்னும் இரட்டையில் காந்தம் உள்ள நட்சத்திரம் தன் துணையைவிடச் சுமார் 15 லட்சம் ஆண்டு இளையதாகத் தோன்றுவதையும், அதைச் சூழ்ந்த நெபுலா மிக அண்மைக் காலத்தில் வீசப்பட்டதையும் கொண்டு, இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றிக் கலந்ததால் அக்காந்தம் பிறந்தது என்று 2024-இல் வெளியான ஆய்வு முடிவு கட்டியது. இம்முடிவை அளித்தவை ஒளித் தொலைநோக்கிகள். எக்ஸ் கிரணம் காட்டிய காந்தத்துக்குக் காரணத்தை ஒளி காட்டுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, துணையே ஆகும்.

இறந்த துணையும் மறைந்த நட்சத்திரங்களும்

துணை நட்சத்திரம் முன்பே வெடித்துக் கருந்துளையாகவோ நியூட்ரான் நட்சத்திரமாகவோ ஆகிவிட்டால், அது எஞ்சிய பெருநட்சத்திரத்தின் காற்றினுள்ளேயே சுற்றிக்கொண்டு, அக்காற்றைப் பருகி ஒளிர்கிறது. வெலா எக்ஸ்-1 என்னும் நியூட்ரான் நட்சத்திரம் 283 விநாடிக்கு ஒருமுறை துடித்துக்கொண்டு, ஒன்பது நாளில் தன் துணையைச் சுற்றி வருகிறது. அதன் பிரகாசம் ஓயாமல் ஏறி இறங்குவது, அது கடக்கும் காற்று கட்டி கட்டியாக இருப்பதற்கு நேரான சாட்சி. 1964-இல் ராக்கெட்டுகள் கண்ட ஸிக்னஸ் எக்ஸ்-1, கருந்துளை என்று முதன்முதலில் பெரும்பாலோரால் ஏற்கப்பட்டது. அதன் நிறை 21 சூரியன்கள் என்று 2021-இல் ரேடியோத் தொலைநோக்கிகளின் துணையால் மதிப்பிடப்பட்டபோது, அவ்வளவு பெரிய எச்சம் மிஞ்ச வேண்டுமாயின் பெருநட்சத்திரங்கள் காற்றால் இழக்கும் பொருள் முன்பு கருதியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற முடிவே அங்கும் கிட்டியது. ஸீட்டா பப்பிஸின் கோடுகள் சொன்னதும் இதுவே என்பதை வாசகர் நினைவுகூரலாம்.

ஐன்ஸ்டைன் வானாய்வுக்கூடம் அன்று சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஸிக்னஸ் எக்ஸ்-3, 4.8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் விசித்திரமான மூலம். அடர்ந்த தூசிக்குப் பின்னால் மறைந்துள்ள அதன் துணை ஓர் உல்ஃப்-ராயே நட்சத்திரம் என்பது 1992-இல் அகச்சிவப்புக் கிரணங்களால் தெரியவந்தது. தூசியை ஊடுருவும் இவ்வாற்றலே வேறொரு பயனையும் அளிக்கிறது. நம் நட்சத்திர மண்டலத்தின் மையத்தில், ஒளியைத் தூசி முற்றிலும் மறைத்துவிட்ட இடத்தில், சந்திரா கண்ட எக்ஸ் கிரணப் புள்ளிகளை அகச்சிவப்புத் தொலைநோக்கியால் தொடர்ந்து சென்று, முன்பு அறியப்படாத உல்ஃப்-ராயே நட்சத்திரங்கள் பல கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. வெஸ்டர்லண்ட் 1 என்னும் பெருநட்சத்திரக் கூட்டத்திலோ, 2005-இல் சந்திரா ஒரு மாக்னெட்டாரை, அதாவது அளவிறந்த காந்த பலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரத்தை, கண்டது. அக்கூட்டத்தின் வயதைக் கொண்டு கணக்கிட்டால் அதன் மூதாதை 40 சூரியன்களுக்கு மேற்பட்டதாதல் வேண்டும். அவ்வளவு பெரிய நட்சத்திரம் கருந்துளையாகவே முடியும் என்று நம்பியிருந்தோருக்கு அது பெரிய அதிர்ச்சி. நிறை ஒன்றே முடிவை நிர்ணயிப்பதில்லை, துணையும் அதை மாற்றும் என்பதை அறிஞர் ஒப்ப வேண்டியதாயிற்று.

பெருநட்சத்திரம் ஒன்று இறக்கும் கணத்தையும் எக்ஸ் கிரணங்கள் ஒருமுறை பிடித்துத் தந்தன. 2008 ஜனவரி 9-ஆம் தேதி, சுமார் ஒன்பது கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 2770 என்னும் மண்டலத்தை வேறொரு காரணத்துக்காக ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் நோக்கிக்கொண்டிருந்தபோது, சில நிமிஷங்களே நீடித்த ஒரு கிரண வெடிப்பு தோன்றிற்று. வெடிப்பின் அலை நட்சத்திரத்தின் உடலைக் கிழித்து வெளிவந்த தருணம் அது. வெடித்தது உல்ஃப்-ராயே வகையைச் சேர்ந்ததென்று பின்னர் வந்த ஒளி கூறியது.

தேறியதும் தேறாததும்

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், சில முடிவுகளை ஐயமின்றிக் கூறலாம். பெருநட்சத்திரங்களின் எக்ஸ் கிரணங்கள் காற்றின் உட்கொந்தளிப்பாலும், இரு காற்றுகளின் மோதலாலும், காந்தம் நடத்தும் மோதலாலும், எச்சத் துணை பருகும் பொருளாலும் பிறக்கின்றன. உஷ்ணம், கோட்டின் வடிவம், ஏற்ற இறக்கத்தின் காலம் என்னும் மூன்று அடையாளங்களைக் கொண்டு இன்னது இதனால் என்று பெரும்பாலும் பகுத்துவிடலாம். நட்சத்திரக் காற்று கட்டி கட்டியானது என்பதும், பழைய இழப்புக் கணக்குகள் மிகையானவை என்பதும் நிலைநாட்டப்பட்டுவிட்டன.

தேறாதவையும் உள்ளன. பெருநட்சத்திரத்தின் மொத்த ஒளியில் ஒரு கோடியில் ஒரு பங்கே எக்ஸ் கிரணமாக வருகிறது என்ற விகிதம் நாற்பதாண்டாக அறியப்பட்டது. ஆனால் காற்றின் அடர்த்தி நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பெரிதும் வேறுபட, இவ்விகிதம் மட்டும் ஏன் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது என்பதற்கு எல்லோரும் ஒப்பிய விளக்கம் இல்லை. கார்பன் மிக்க உல்ஃப்-ராயே நட்சத்திரங்கள் தனித்திருக்கும்போது ஏறக்குறைய மௌனமாயிருக்க, டபிள்யூ.ஆர். 6 போன்ற நைட்ரஜன் வகையினவோ நட்சத்திரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் காற்றினுள் சூடான வாயுவைக் காட்டுகின்றன. அங்கே அதைச் சுடச் செய்வது எது என்பது தீராத வினா.

2023-இல் ஜப்பான் ஏவிய க்ரிஸ்ம் செயற்கைக்கோள், தன் உணர்கருவியைக் கெல்வின் அளவில் 0.05 டிகிரிக்குக் குளிரவைத்து, வலிமை மிக்க கிரணங்களை முன்னெப்போதும் இல்லாத நுட்பத்துடன் பிரிக்கிறது. எனினும் அதன் வாயிற்கதவு திறவாமையால், ஸீட்டா பப்பிஸின் கோடுகளுள் பெரும்பாலானவை அமைந்த மென்மையான கிரணப் பகுதி அதற்கு எட்டுவதில்லை. அப்பகுதிக்கு இன்றும் 1999-இல் ஏவிய இரண்டு கருவிகளையே நம்பியிருக்கிறோம். அவற்றின் வயதோ கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஐரோப்பியர் திட்டமிட்டுவரும் நியூஅதீனா 2030-களின் பிற்பகுதிக்கு முன் வாராது. இடைப்பட்ட காலத்தில் டபிள்யூ.ஆர். 140-உம் ஈட்டா காரினேயும் தம் சுற்றுகளை நிறுத்திவைத்துக் காத்திரா. எட்டாண்டுக்கும் ஐந்தரை ஆண்டுக்கும் ஒருமுறை நிகழ்வதைத் தவறவிட்டால் ஒரு சுற்றுக்காலம் முழுவதும் வீணாகும். ஆகவே புதிய கருவிகளை உண்டாக்குவதோடு, பழைய கருவிகளை இயன்றவரை பேணி, இடைவிடாத கண்காணிப்பு அறுந்துபோகாமல் காப்பதும் விஞ்ஞான உலகின் கடமையாகும்.

நம் நாட்டு இளைஞருக்கும் இதில் பங்கு உண்டு. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், ஸிக்னஸ் எக்ஸ்-1, ஸிக்னஸ் எக்ஸ்-3 முதலியவற்றை நோக்கியுள்ளது. 2024 ஜனவரி முதல் தேதியில் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் எக்ஸ் கிரணங்களின் முனைவாக்கத்தை அளக்கவல்லது. ஆஸ்ட்ரோசாட்டும் சந்திராவும் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் திரட்டிய தகவல்கள், குறித்த காலம் கழிந்தபின், கேட்போர் எவருக்கும் விலையின்றித் திறந்துவிடப்படுகின்றன. பௌதிகமும் கணிதமும் பயிலும் நம் கல்லூரி மாணவர் ஒருவர் விரும்பினால், ஈட்டா காரினேயின் நிறமாலையை இன்றே தம் மேசைமேல் விரித்து, அதன் உஷ்ணத்தைத் தாமே அளந்து, கண்ணுக்குத் தெரியாத துணையின் காற்று வேகத்தைத் தாமே கணக்கிட முடியும். கல்லூரி ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியைத் தம் பாடத்திட்டத்தில் ஒரு சிறு பகுதியாகவேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.